அப்பா பூட்டிய பலகை

எனக்குக் கோபம் வந்தால் வாய் முன்னால் ஓடும், புத்தி பின்னால்தான் வரும். அன்றும் அப்படித்தான். மட்டக்களப்பு நகரத்துக்குப் போய்க் கல்லூரிக் கடிதத்தை எடுத்துக்கொண்டு பின்நேரம் கூட்டாளி ஹஸீனாவோடு வீட்டுக்கு வந்தால், முற்றத்து மேசையில் எங்கள் ரோபோ கவிழ்ந்து கிடக்கிறது. அடிப்பலகை பூட்டியாகிவிட்டது. அப்பா உரைகடதாசியால் அதன் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.

"ஆரு உங்களப் பூட்டச் சொன்ன? நானும் ஹஸீனாவும் வந்து பூட்டுறம் எண்டு படிச்சுப் படிச்சுச் சொல்லிப்போட்டுத்தானே போன!"

"நாளைக்கு வெள்ளன பஸ்ஸுக்குப் போகணும். நீங்க எப்ப வந்து எப்ப பூட்டுற? அதான் பூட்டின."

குனிந்து பார்த்தேன். எனக்குத் தலை சுற்றியது. ஒரு ஸ்குரூவின் தலைகூடக் கண்ணில் படவில்லை. தோணிக்குப் போடுவதுபோல ஸ்குரூக்களை மரத்துக்குள் ஆழமாக இறக்கி, மேலே தோணி ஓட்டை அடைக்கிற பிசினைப் பூசி, அது காய்ந்ததும் தேய்த்து வழவழப்பாக்கியிருந்தார். விளிம்பைச் சுற்றியும் பிசின். கழற்றுவதற்காக நாங்கள் வாங்கி வைத்திருந்த, காது வைத்த எட்டு நட்டுகளும் பக்கத்தில் தகரப் பேணிக்குள் அப்படியே கிடந்தன.

"இதை இனி எப்படித் திறக்கிற?"

"ஏன் திறக்கிற?" என்றார் அப்பா. உண்மையாகவே அவருக்கு விளங்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

அப்பாவின் பெயர் கதிர்காமத்தம்பி. ஆரையம்பதி ஆற்றங்கரையில் தோணி கட்டுகிற மனிதர். வாவி என்று புத்தகத்தில் எழுதுவார்கள், எங்களுக்கு அது ஆறுதான். அவர் கட்டிய தோணிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போனதில்லை என்று ஊரில் சொல்லுவார்கள். அந்தப் பெருமையில்தான் இந்த வேலையைப் பார்த்திருக்கிறார் என்று நினைத்து இன்னும் ஏசினேன். ஹஸீனாதான் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வாய மூடுகா பூரணி. மாமா பாவம்."

ஹஸீனா காத்தான்குடிக்காரி. அவளுடைய ஊருக்கும் எங்கள் ஊருக்கும் நடுவில் ஓர் ஒழுங்கைதான். தொழில்நுட்பக் கல்லூரியில் அவள் மின்னணு வகுப்பு. நான் உலோக வேலை வகுப்பு, அதில் ஒரே பெண். இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு வைகாசியில் கொழும்பில் கல்லூரிகளுக்கிடையே ரோபோப் போட்டி என்று அறிவித்தல் வந்தபோது, இரண்டு பேரும் பெயர் கொடுத்தோம். தரையில் ஒட்டிய கறுப்புக் கோட்டைத் தானாகவே பார்த்துக்கொண்டு, முதுகில் இரண்டு செங்கல் சுமந்து ஓடவேண்டும். அலுமினியச் சட்டத்தால் எலும்புக்கூட்டை நான் செய்தேன். சுனாமிக்குப் பிறகு தங்கப் போட்ட கொட்டிலில் கழற்றிய தகரத்தால் மேலும் பக்கமும் மூடினேன். வயிற்றுக்குள்ளே மோட்டார் சைக்கிள் பற்றரியும் ஹஸீனாவின் சுற்றுப்பலகையும் ஒரு குடல் வயரும். எல்லாவற்றையும் தாங்குவது கீழே உள்ள அடிப்பலகை. தேயிலைப் பெட்டிப் பலகை அது, பாரமே இல்லை. கோட்டைப் பார்க்கிற இரண்டு கண்களும் அந்தப் பலகையின் முன்பக்கத்தில்தான் இருந்தன. உள்ளே எதையும் தொட வேண்டுமானால் அந்தப் பலகையைக் கழற்றித்தான் தொடவேண்டும்.

ஆறு மாதம் இரண்டு பேரும் அதற்காகச் செத்துப் பிழைத்தோம். எங்கள் கல்லூரியிலிருந்து அப்படியொரு போட்டிக்கு யாரும் போனதே இல்லை. அதைக் கொழும்பில் கொண்டுபோய் இறக்கவேண்டும், அது ஓடுவதை நாலு பேர் பார்க்கவேண்டும். எனக்கு வேறெதுவும் தேவையில்லை.

அப்பாவுக்குத் தேவைப்பட்டது வேறு. என்னைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கவேண்டும்.

அதற்குக் காரணம் அண்ணன். வினாயகமூர்த்தி. ஊருக்கு ரேடியோத் திருத்துகிறவன். தொண்ணூறாம் ஆண்டு கரண்ட் இல்லாத காலம், கார் பற்றரியில்தான் ரேடியோ பாடும். ஆவணி மாதம் ஒருநாள், திருத்திய ரேடியோவையும் பற்றரியையும் ஒரு சுருள் வயரையும் வலைப்பைக்குள் போட்டுக்கொண்டு, திருத்தத் தந்தவரிடம் திருப்பிக் கொடுக்கச் சைக்கிளில் போனான். சந்தியில் ஆமிக்காரர் மறித்தார்கள். "வயரக் கண்டுதான் புடிச்ச," என்று அங்கே மீன் விற்றுக்கொண்டு நின்றவர் வந்து சொன்னார். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். அப்போது எனக்கு ஆறு வயது. அண்ணன் இன்னும் வரவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் வயர் கண்ணில் படக்கூடாது. ஊருக்குக் கரண்ட் திரும்பி வந்தபோது, மீற்றர்ப் பெட்டியிலிருந்து பல்ப் வரைக்கும் அப்பா மரச்சட்டம் அடித்து வயரை மூடினார். கரண்ட்காரன் பார்த்துச் சிரித்தான். ஹஸீனா வயரும் கையுமாக முதன்முதலில் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, அப்பா எழுந்து ஆற்றுப் பக்கம் போனவர் அவள் போகும்வரை வரவில்லை. அவளிடம் காரணத்தைச் சொன்னேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. அதே ஆவணியில் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்களைச் சுட்டார்கள், அவளுடைய வீட்டிலும் தொண்ணூறு என்ற சொல்லை எடுக்கமாட்டார்கள்.

கொழும்புப் பயணம் என்றதும் அப்பா ஒரே பிடியாக நின்றார். போர்நிறுத்த ஒப்பந்தம் காகிதத்தில் மட்டும் இருந்தது. றோட்டில் கிளைமோர்க் கண்ணி வெடித்துக்கொண்டிருந்தது. அம்மாதான், "அவள் ஆசப்பட்டுட்டாள், போகட்டும் விடுங்க," என்றாள். அப்பா மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள், "நானும் வாறன். அந்த வழியில உன்ன விட்டுப்போட்டு நான் இஞ்ச குந்தியிருக்கமாட்டன்," என்றார். பலகையையும் தானே வெட்டித் தருவதாகச் சொன்னார். அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்கவேண்டும். தட்டவில்லை.

சரி, பிசின் காய்ந்துவிட்டது, இனிக் கத்தி என்ன பயன் என்று, ரோபோவைத் தரையில் வைத்து ஓட்டிப் பார்த்தோம். சுவிட்ச் வெளியில் இருந்தபடியால் தப்பினோம். அட கடவுளே! அது அதுவரை ஒருநாளும் அப்படி ஓடியதில்லை. நாங்கள் நட்டுப் போட்டுப் பூட்டும்போதெல்லாம் பலகை கடகடவென்று ஆடும், கண்கள் கோட்டைத் தவறவிடும். அப்பா பூட்டிய பலகை அசையவே இல்லை. முற்றத்துச் சீமெந்தில் ஒட்டியிருந்த கறுப்புக் கோட்டில், நாலு வளைவையும் சொல்லி வைத்த மாதிரித் திரும்பி வந்து நின்றது.

"மாமா, என்னமா ஓடுது!" என்று ஹஸீனா துள்ளினாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "சோதனைச் சாவடியில திறந்து காட்டச் சொன்னா என்ன செய்ற மாமா?" என்றாள்.

"கேக்கமாட்டாங்க மகள். வெளியில ஒண்டும் தெரியல்லத்தானே. தெரிஞ்சாத்தான் கேப்பாங்க."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தோணிப் பெருமை ஒன்றுமில்லை. வயரை மூடியிருக்கிறார். தண்ணீர் உள்ளே போகாமல் அடைக்கிற மனிதர், வயர் வெளியே தெரியாமல் அடைத்திருக்கிறார். அந்த இடத்திலேயே நான் வாயைத் திறந்திருக்கவேண்டும். அப்பா, மூடிய பெட்டியைக் கண்டால்தான் இப்போது பயப்படுகிறார்கள் என்று சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லாமல் விட்டேன் என்றால் அது பொய். ரோபோ நன்றாக ஓடியது, அதனால்தான் விட்டேன்.

அடுத்த நாள் விடியப் பஸ் ஏறினோம். ரோபோவைச் சாக்கில் சுற்றி அப்பா மடியில் வைத்துக்கொண்டார். முதல் சாவடியில் கடிதத்தைப் பார்த்துவிட்டு விட்டார்கள். இரண்டாவது சாவடியில் சாக்கைத் தூக்கிப் பார்த்துத் தட்டிவிட்டு, போ என்றார்கள். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"பாத்தியா?"

"ஓம், ஓம், பெரிய ஆள்தான்," என்றேன். சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து நான் கண்டு கனகாலம்.

மூன்றாவது சாவடி பெரியது. எல்லோரும் இறங்கி, சாமான்களைத் தூக்கிக்கொண்டு, தகரக் கூரை போட்ட சீமெந்துத் தளத்தில் வரிசையாக நடக்கவேண்டும். மேசையடியில் நின்றவன் இளம் சிப்பாய். சாக்கை விலக்கினான். ரோபோவைத் தூக்கினான். பாரத்தைக் கண்டு முகம் மாறியது. கவிழ்த்துப் பார்த்தான், சுற்றிப் பார்த்தான், ஸ்குரூவைத் தேடினான். விரலால் பலகையில் தட்டினான்.

"மேக்க அரின்ட."

"திறக்கட்டாம்," என்று ஹஸீனா மெல்லச் சொன்னாள். வாப்பாவோடு புடைவை வாங்கக் கொழும்புக்குப் போய் வந்து அவளுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. கடிதத்தை நீட்டி, போட்டி, கல்லூரி, ரோபோ என்று படபடவென்று சொன்னாள். கடிதம் தமிழிலும் இங்கிலீசிலும் இருந்தது. அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மறுபடியும், "அரின்ட," என்றான்.

"திறக்க ஏலாது எண்டு சொல்லவா?" ஹஸீனா என் பக்கம் திரும்பினாள்.

அவள் சொல்லி முடிக்கவில்லை, அவன் கண் பக்கத்திலிருந்த சுவிட்சில் விழுந்தது. திறக்க முடியாத பெட்டி, பாரம், ஒரு சிவப்புச் சுவிட்ச். இரண்டு அடி பின்னால் போனான். கத்தினான். வரிசை கலைந்தது. பஸ்ஸில் வந்த சனமெல்லாம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியது. எங்கள் மூன்று பேரையும் மண்மூட்டைப் பக்கம் தள்ளி நிறுத்தினார்கள். இரண்டு துவக்குகளின் குழல்கள் எங்களைப் பார்த்தன. ரோபோ மேசையில் தனியே இருந்தது.

மீசை நரைத்த சார்ஜன்ட் ஒருவர் வந்தார். ஹஸீனாவிடம் நிதானமாகத்தான் பேசினார். அவள் கேட்டுக் கேட்டு எங்களுக்குச் சொன்னாள். குண்டு பார்க்கிற ஆட்கள் வருவார்களாம். வந்து, தூரத்தில் வைத்து வெடிக்க வைப்பார்களாம். அதுவரை நாங்கள் மூன்று பேரும் இங்கேயே இருக்கவேண்டுமாம். பிறகு விசாரணைக்கு அனுப்புவார்களாம்.

விசாரணை என்ற சொல் கேட்டதும் நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் அங்கே இல்லை. உடம்பு நின்றது, ஆள் இல்லை. பதினாறு வருஷத்துக்கு முந்திய சந்தியில்தான் நின்றிருப்பார் என்று நினைக்கிறேன். பிறகு, என்ன நினைத்தாரோ, இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு ஓர் அடி முன்னால் வைத்தார்.

"ஐயா, இந்தப் புள்ளையளுக்கு ஒண்டும் தெரியா. பூட்டின நான். நானே திறக்கிறன். புள்ளையள விட்டிருங்க. என்னக் கொண்டுபோங்க."

ஹஸீனா அழுதுகொண்டே அதைச் சிங்களத்தில் சொன்னாள். சார்ஜன்ட் அப்பாவை மேலும் கீழும் பார்த்தார். இடுப்பில் சாரம், உளி பிடித்துக் காய்த்த கை, பிசின் ஒட்டிய நகம். ஏன் இப்படிப் பூட்டினாய் என்று கேட்டார்.

"உள்ளுக்க வயர் இரிக்கு ஐயா," என்றார் அப்பா. "வயரக் கண்டா நீங்க புடிப்பீங்க எண்டு பயந்து பூட்டின."

அதை மொழிபெயர்க்க ஹஸீனா தயங்கினாள். பிறகு சொன்னாள். சார்ஜன்ட் மேசையில் இருந்த ரோபோவைத் திரும்பிப் பார்த்தார். அப்பாவின் பைக்குள் கிடந்த சின்ன உளியையும் சுத்தியலையும் எடுத்துக் கொடுக்கச் சொன்னார். எல்லோரையும் இன்னும் பின்னால் போகச் சொன்னார்.

அப்பா தனியே நடந்துபோனார். ரோபோவை மேசையிலிருந்து பிள்ளையைத் தூக்குவதுபோலத் தூக்கி, தளத்து நடுவில் வைத்துக் குந்தினார். அது குண்டு இல்லை என்று எனக்குத் தெரியும். ஒரு வயர் பிசகிப் பொறி பறந்தாலும், ஒரு மோட்டார் திடீரென்று சுற்றினாலும், இந்தத் துவக்குகள் என்ன செய்யும் என்று தெரியாது. நான் ஓடப் பார்த்தேன். ஒருவன் துவக்கைக் குறுக்கே பிடித்தான். எனக்கு அந்த நேரம் அழ வரவில்லை. ஏசத்தான் வந்தது.

"அப்பா! பற்றரிப் பக்கம் உளிய வைக்காதீங்க! வலப்பக்கம்! சொன்னாக் கேளுங்க, மெதுவா! எட்டு நட்டு வாங்கி வெச்சன் நான், எட்டு நட்டு!"

"சரி புள்ள, சரி," என்றார், திரும்பாமலே.

டொக், டொக் என்று உளிச் சத்தம். பிசின் விடவில்லை. அவருடைய வேலை அவருக்கே வழிவிடவில்லை. மூன்றாம் முறை ஓங்கி அடித்தார். பலகை நடுவால் பிளந்தது. கைவிட்டு ஒரு துண்டைப் பிய்த்தார். பிறகு அவர் செய்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். வயர்களை ஒவ்வொன்றாக வெளியே இழுத்து, வெயில் படுகிற பக்கமாகச் சீமெந்தில் பரப்பினார். சிவப்பு, கறுப்பு, மஞ்சள். எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறமாதிரி. பரப்பிவிட்டு இரண்டு கையையும் தூக்கினார்.

சார்ஜன்ட் போனார். குனிந்து பார்த்தார். பற்றரியைத் தொட்டார், சுற்றுப்பலகையைத் தொட்டார், கண்ணாடிமாதிரிச் சின்னக் கண்கள் இரண்டையும் பார்த்தார். எங்களை வரச்சொல்லிக் கையைக் காட்டினார். ஹஸீனாவிடம் ஏதோ கேட்டார்.

"இது என்ன செய்யுமாம். ஓட்டிக் காட்டட்டாம்."

ஓட்டுவதா? பலகை பிளந்து கிடக்கிறது. கண்கள் இரண்டும் தொங்குகின்றன. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்பாதான் சேட்டுப் பையிலிருந்து ஒரு சுருள் தங்கூசி நூலை எடுத்தார். வலை பொத்துகிற நைலோன் நூல், அது இல்லாமல் எங்கள் ஊரில் யாரும் வெளியே இறங்கமாட்டார்கள். பிளந்த பலகையைச் சேர்த்து வைத்து, சட்டத்தோடு குறுக்கும் நெடுக்கும் சுற்றிக் கட்டினார். கண்களை நேராக்கி முடிச்சுப் போட்டார். பல்லால் நூலைக் கடித்தார். அதற்குள் ஹஸீனா ஒட்டுகிற கறுப்பு ரேப்பை எடுத்து, அந்தச் சாவடித் தளத்திலேயே ஒரு கோடு ஒட்டினாள். அவசரத்தில் கோடு கோணலாகத்தான் விழுந்தது.

சுவிட்சை அப்பாவையே போடச் சொன்னேன். போட்டார்.

ஒரு நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு உறுமியது. நொண்டி நொண்டிக் கிளம்பியது. கோட்டைப் பிடித்தது. வளைவு வந்த இடத்தில் நின்று, இங்கேயா அங்கேயா என்று தலையை ஆட்டி, சரியான பக்கம் கிறுகி, கோடு முடிகிற இடத்தில் போய் நின்றது. அது சார்ஜன்டின் சப்பாத்துக்கு முன்னால்.

"ஷா!" என்றான் முதலில் எங்களை மறித்த இளம் சிப்பாய். அவனை அறியாமல் சிரித்துவிட்டான். இன்னும் இரண்டு பேர் கிட்ட வந்தார்கள். மறுபடியும் ஓட்டச் சொன்னார்கள். மறுபடியும் ஓட்டினோம். மூன்றாம் முறைக்குக் கொண்டக்டர் பொறுக்கவில்லை. "தங்கச்சி, கூத்துக் காட்டினது போதும், ஏறுங்க!" என்று தூரத்திலிருந்து கத்தினான். சார்ஜன்ட் கடிதத்தின் பின்பக்கத்தில் சிங்களத்தில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். இனிமேல் திறக்கக்கூடியமாதிரிப் பூட்டச் சொல்லு என்று ஹஸீனாவிடம் சொன்னாராம்.

கொழும்பில் இரண்டாம் சுற்றில் தோற்றோம் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு எனக்குச் சொல்ல மனம் வராது. புதுப் பலகை வாங்கி, எட்டு நட்டையும் போட்டுத்தான் பூட்டினோம். கடகடவென்று ஆடியது. நாலு பேர் பார்க்க ஓடியது, அது போதும்.

ஆனால் பஸ்ஸில் ஏறியபோது அதெல்லாம் இன்னும் நடக்கவில்லை. சனம் எங்களைத் திட்டிக்கொண்டே இடம் விட்டது. தங்கூசியால் கட்டிய ரோபோ அப்பாவின் மடியில் இருந்தது. சாக்கால் மூடவில்லை. ஹஸீனா அவருக்குத் தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்தாள். நான் அவருக்கு நல்ல ஏச்சுக் கொடுக்க ஆயத்தமாகிக்கொண்டிருந்தேன். என்னைக் கொண்டுபோங்க என்று சொல்ல இவருக்கு ஆர் உரிமை தந்தது என்று கேட்கத்தான் வாயெடுத்தேன்.

"புள்ள," என்றார் அப்பா. "அந்த மனிசன் ஓட்டிக் காட்டெண்டு கேட்டான்தானே."

"ஓம்."

"அண்ணன்ட ரேடியோவும் பாடினதான். வெளிக்கிட முந்திப் போட்டுப் பாத்திட்டுத்தான் கொண்டு போனவன். நானும் கேட்டன், நல்லாப் பாடின." வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார். "அவனிட்ட ஒருத்தனும் பாடவெச்சுக் காட்டெண்டு கேக்கல்லயே."

எப்போதும் முன்னால் ஓடுகிற என் வாய் அப்போது ஓடவில்லை. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். பிசின் காய்ந்து சொரசொரவென்றிருந்தது. பஸ் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த சாவடியில் இறங்கச் சொல்லவில்லை. ஒரு சிப்பாய் மட்டும் உள்ளே ஏறினான். இருபது வயது இருக்கும், அண்ணன் போனபோது இருந்த வயது. சீட்டுச் சீட்டாகப் பார்த்துக்கொண்டு வந்தான். எங்கள் பக்கம் வர முதலே அப்பா எழுந்துவிட்டார். ரோபோவைத் திருப்பி, பிளந்த பலகைக்கூடாகத் தெரிந்த வயர்களை அவனுக்கு நேராகப் பிடித்தார். அவனுக்குத் தமிழ் விளங்குமா என்றுகூட அவர் யோசிக்கவில்லை.

"இந்தாங்க மகன், பாருங்க, வயர்தான்," என்றார். "இது ஓடும். ஓட்டிக் காட்டட்டா?"